புதிய பஜேரோ: எவ்வளவு பெரிதாக வரும், பார்க்க எப்படி இருக்கும்?

மணல்மேடு:
உருமறைப்பு ஸ்டிக்கர் சுற்றிய பெரிய மிட்சுபிஷி ஒன்று ஐரோப்பாவில் சோதனை ஓட்டம் போகும் படங்களை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். அது புதிய பஜேரோதான் என்று வாகனப் பத்திரிகைகள் ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டன. 2021-ல் ஜப்பானின் கிஃபு பக்கம் சகாஹோகி ஆலையிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்து, அந்த ஆலையும் ஒரு காகித நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, இனி பஜேரோ என்றால் பழைய வண்டிச் சந்தைதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இப்போது மறுபடி ஆசை காட்டுகிறார்கள்.

முதலில் அளவு. நான்காம் தலைமுறை ஐந்து கதவு வண்டி, பின்கதவு ஸ்பேர் சக்கரத்தோடு சேர்த்து 4,900 மிமீ நீளம், 1,875 மிமீ அகலம். புதியது மிட்சுபிஷியின் ட்ரைட்டன் பிக்கப்பின் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், வருகிறது என்கிறார்கள், ட்ரைட்டனோ 5.3 மீட்டர். அப்படியானால் பழைய பஜேரோ அளவிலேயே நிற்குமா, இல்லை நிசான் பேட்ரோல் மாதிரி கப்பலாகிவிடுமா? நிசானும் மிட்சுபிஷியும் ஒரே கூட்டணி என்பதால் பேட்ரோல் சேஸிஸையே எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு வாட்ஸாப் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

அடுத்தது தோற்றம். இப்போது வருவதெல்லாம் பெட்டி பெட்டியாக வருகிறது, லேண்ட் ரோவர் டிஃபெண்டர், டொயோட்டா ப்ராடோ எல்லாம் அப்படித்தான். இவர்களும் அதே வழியில் போவார்களா, பின்கதவில் ஸ்பேர் சக்கரம் இருக்குமா, மூன்று கதவுக் குட்டை வண்டிக்கு ஏதாவது வாய்ப்பு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஊகம் என்றாலும் பரவாயில்லை, கொஞ்சம் கணக்கோடு இருந்தால் நல்லது.

கியர்நாப்:
பேட்ரோல் கதையை முதலில் ஓரங்கட்டிவிடலாம். இப்போதைய பேட்ரோல் 5,350 மிமீ நீளம், இரண்டு மீட்டருக்கு மேல் அகலம், லேண்ட் க்ரூஸர் 300-ஓடு மோதுகிற வண்டி. பஜேரோ ஒருநாளும் அந்த வரிசையில் நின்றதில்லை. அதோடு, தாய்லாந்தின் லேம் சபாங்கில் சொந்தமாக ஒரு புது சேஸிஸைச் செய்து ட்ரைட்டனுக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நிறுவனம், செலவு செய்து இன்னொருவரின் சேஸிஸை ஏன் வாங்க வேண்டும்?

ட்ரைட்டன் 5.3 மீட்டர் என்று பயப்பட வேண்டாம். பிக்கப்பிலிருந்து எஸ்யூவி செய்யும்போது எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: சுமை ஏற்றும் தொட்டிக்காக நீட்டி வைத்திருந்த சட்டத்தைக் குறுக்குகிறார்கள், பின்னால் இருந்த லீஃப் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் போடுகிறார்கள். எவ்வளவு குறுக்குகிறார்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. டொயோட்டா ஹைலக்ஸின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 3,085 மிமீ, அதிலிருந்து வந்த ஃபார்ச்சூனருக்கு 2,745. ஃபோர்டு ரேஞ்சருக்கு 3,270, எவரெஸ்டுக்கு 2,900. இசுசூ டி-மேக்ஸுக்கு 3,125, எம்யூ-எக்ஸுக்கு 2,855. மிட்சுபிஷியே முன்பு செய்தது: பழைய ட்ரைட்டன் 3,000, அதே சேஸிஸில் வந்த பஜேரோ ஸ்போர்ட் 2,800. ஆக 200-லிருந்து 370 வரை வெட்டுவது வழக்கம், மிட்சுபிஷிதான் இருப்பதிலேயே குறைவாக வெட்டியிருக்கிறது.

2023-ல் வந்த புதிய ட்ரைட்டனின் வீல்பேஸ் 3,130. நடுவில் ஓர் எண்ணாக 270 வெட்டினால் 2,860 வருகிறது. இப்போதைய ப்ராடோ, அதாவது 250 வரிசை, 2,850. தற்செயலாகத் தோன்றலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோடு போட்டி என்று முடிவு செய்த பிறகுதான் எங்கே வெட்டுவது என்று கோடு போடுவார்கள். மூன்று வரிசை இருக்கையும் வைத்து மொத்த நீளம் 4,900-ஐ ஒட்டி வரும் என்பது என் கணக்கு, அதாவது நீங்கள் சொன்ன பழைய பஜேரோ அளவேதான். அகலம் மட்டும் கூடும். ட்ரைட்டனில் 1,865, 1,930 என்று இரண்டு அகலம் உண்டு, மேல் ரகத்துக்கு அகலமானதுதான் வரும். அதுவும் ப்ராடோவின் 1,980-ஐ விடக் குறைவுதான்.

மூன்று கதவு வராது. தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா என்று விற்கப்போகும் இடங்களில் எல்லாம் இந்த வகை வண்டியைக் குடும்பத்தோடு போகத்தான் வாங்குகிறார்கள். இரண்டு கதவைக் குறைக்க பக்கவாட்டுத் தகடு முழுவதற்கும் தனியாக அச்சு செய்ய வேண்டும், அந்தச் செலவை எடுக்கும் அளவுக்கு விற்காது.

எஸ்எஃப்எக்ஸ்_பழனி:
கணக்கு சரி. ஆனால் ட்ரைட்டன் சேஸிஸ் என்றதும் "அசல் பஜேரோ திரும்பி வருகிறது" என்று பலர் துள்ளுகிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

1982-ல் வந்த முதல் தலைமுறைக்கும் 1991-ல் வந்த இரண்டாம் தலைமுறைக்கும் தனிச் சட்டம்தான். ஆனால் 1999-ல் மூன்றாம் தலைமுறை வந்தபோது சட்டத்தை உடலோடு சேர்த்துப் பற்றவைத்து மோனோகாக் ஆக்கிவிட்டார்கள், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். லேண்ட் ரோவர் டிஃபெண்டரை மோனோகாக்கில் கொண்டுவந்து உலகமே சண்டை போட்டது 2019-ல். பஜேரோ அதை இருபது ஆண்டு முன்பே செய்துவிட்டது. அதிலிருந்து கடைசி வண்டி வரை பஜேரோ அப்படியேதான் இருந்தது. தனிச் சட்டமும் பின்சக்கரம் இரண்டையும் இணைக்கும் ஒரே அச்சும் இருந்தது பஜேரோ ஸ்போர்ட்டில், அது வேறு வண்டி.

நம் ஊரில் இது குழம்பியதற்குக் காரணம் இருக்கிறது. உலகத்துக்கு மூன்றாம், நான்காம் தலைமுறை போய்க்கொண்டிருந்த நேரத்தில், திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பூட்டி விற்றது இரண்டாம் தலைமுறை வண்டியை, எஸ்எஃப்எக்ஸ் என்ற பெயரில், 2.8 லிட்டர் டீசலோடு. 2002-ல் தொடங்கி பத்து வருடம் போல ஓடியது. அதனால் இங்கே பஜேரோ என்றால் தனிச் சட்டம், கடகடக்கும் டீசல், உயரமான கண்ணாடி. ஐரோப்பாக்காரனைக் கேட்டால் அவன் சொல்லும் பஜேரோ வேறு.

ஆகவே ட்ரைட்டன் சேஸிஸில் வருவதை நான் திரும்பிவருவது என்று சொல்ல மாட்டேன், அது சிக்கனம். இரண்டு தனித்தனி வண்டி செய்யப் பணம் இல்லை, ஸ்போர்ட்டையும் பஜேரோவையும் ஒன்றாக்கிப் பெரிய பெயரை மேலே ஒட்டுகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பின்பக்கம் ஸ்போர்ட்டில் இருந்த அதே குதிப்பு இருந்தால், கடைசி பஜேரோவை ஓட்டியவர்கள் ஏமாந்துதான் போவார்கள். தோற்றத்தை விட எனக்கு இதுதான் கவலை. வெளியே என்ன வேண்டுமானாலும் வரையட்டும். டேஷ்போர்டுக்கு நடுவில் அந்த மூன்று மீட்டர், சாய்வு காட்டுமே, அதை மட்டும் திரையில் படமாகக் காட்டி ஒப்பேற்றாமல் உண்மையாகவே வைத்தால் போதும்.

வாதி_மஸ்கட்:
இங்கே ஓமானில் மலையும் மணலும் இரண்டும் இருப்பதால் பழைய பஜேரோ இன்னும் தெருவுக்குத் தெரு நிற்கிறது. ஜெபல் அக்தர் மலை ஏறும் இடத்தில் போலீஸ் சாவடி போட்டு நாலு சக்கர இழுவை இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள், அந்த வரிசையில் ஒருநாள் நின்று பார்த்தால் எத்தனை பஜேரோ இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தெரியும்.

ஸ்பேர் சக்கரம் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் அதை எடுத்துக்கொள்கிறேன். பின்கதவில் மாட்டினால் நீளம் கூடுகிறது, கதவு கனக்கிறது, அது பக்கவாட்டில் திறப்பதால் பார்க்கிங்கில் பின்னால் இடம் விட்டு நிறுத்த வேண்டும். இதனால்தான் ப்ராடோவில் சக்கரத்தை அடியில் கொண்டுபோய்விட்டார்கள். மேலே திறக்கும் கதவும் பட்டன் அழுத்தினால் மூடும் வசதியும் கேட்கிறவர்கள்தான் இப்போது அதிகம், ஏழு இருக்கை வண்டியில் அதுதான் வசதியும்கூட. ஆனால் அடியில் இருந்தால், வயிறு வரைக்கும் மணலில் புதைந்து நிற்கும்போது டயரும் போனால் என்ன செய்வது? முதலில் தோண்ட வேண்டும், பிறகு படுக்க வேண்டும், பிறகுதான் சக்கரம். நடுப்பகல் வெயிலில் அதைச் செய்தவனிடம் கேட்டால் கதவில்தான் வேண்டும் என்பான். டொயோட்டாவே பெரிய ப்ராடோவில் அடியில் வைத்துவிட்டு, 2025-ல் காட்டிய லேண்ட் க்ரூஸர் எஃப்ஜேயில் மட்டும் கதவில் மாட்டியிருக்கிறது. மிட்சுபிஷியும் பெரிய வண்டிக்கு அடியில்தான் வைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்குப் பிடிக்காத ஊகம், ஆனால் அதுதான் நடக்கும்.

வீல்பேஸ் பற்றி கியர்நாப் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். 2,860 என்றால் கடைசி பஜேரோவை விட 80 மிமீ அதிகம். நேர்ச்சாலையில் நல்லது, மூன்றாவது வரிசைக்கு இடம் கிடைக்கும். ஆனால் மணல் மேட்டின் உச்சியைத் தாண்டும்போது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் வயிறுதான் தட்டும், வீல்பேஸ் நீளமாக நீளமாகத் தட்டுவது கூடும். அதைச் சரிக்கட்ட வண்டியை உயர்த்த வேண்டும், உயர்த்தினால் வளைவில் சாயும். எஃப்ஜேக்கு ப்ராடோவை விட 270 மிமீ குறைத்து 2,580 வைத்தது சும்மா இல்லை.

இன்னொன்று, எஞ்சின். வளைகுடாவில் இந்த வகை வண்டியைப் பெட்ரோலில்தான் வாங்குவோம், பழையதில் வி6 இருந்தது. ட்ரைட்டனின் 2.4 இரட்டை டர்போ டீசல் 204 குதிரைத்திறன், 470 நியூட்டன் மீட்டர், நல்ல எஞ்சின்தான், ஆனால் அதை மட்டும் கொண்டுவந்தால் எங்கள் பக்கம் கடையை மூட வேண்டியதுதான்.

வன்னிக்காற்று:
இலங்கையில் இருந்து எழுதுகிறேன். இங்கே பஜெரோ என்பது வாகனத்தின் பெயர் மட்டுமில்லை, அமைச்சர் வருகிறார் என்பதற்கு இன்னொரு சொல். தொண்டு நிறுவனங்களும் நிறையப் பாவித்தன. 2020-ல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய பஜெரோக்களுக்கு நகை விலை சொன்னார்கள். அதனால் புதியது வருகிறது என்றதும் இங்கேயும் எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைக்கிறார்கள்.

நீளத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எங்கள் பக்கம் குளக்கட்டு வீதியில் எதிரே ஒரு லாண்ட் மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வந்தால் யார் ஒதுங்குவது என்பதுதான் கேள்வி, அங்கே 1,680 மிமீ அகலமான முதல் தலைமுறை பஜெரோவுக்கும் 1,930-க்கும் உள்ள வித்தியாசம் கால் மீட்டர். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல் என்றால் கால் மீட்டர் பெரிய விஷயம். ட்ரைட்டனில் 1,865 அகலமும் இருக்கிறது என்று மேலே ஒருவர் சொன்னார், அதிலும் ஒரு பஜெரோ செய்தால் வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். மாரியில் சேற்றுப் பாதையில் போகிறவனுக்கு அகலமான மட்காட் எதற்கு? வடிவுக்குத்தான்.

ஆனால் உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அளவை முடிவு செய்வது மிட்சுபிஷி இல்லை, சுங்கம். எஞ்சின் கொள்ளளவை வைத்து வரி போடும் நாட்டில் 2.4 லிட்டர் டீசல் என்றால் வாகன விலைக்கு மேலே வரி ஏறி உட்காரும். நான் படம் மட்டும் பார்ப்பேன்.

மணல்மேடு:
வன்னிக்காற்று அண்ணன் சொன்ன அகலக் கணக்கு எனக்கு உறைத்தது. நான் நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழனி சார், ஒரு சந்தேகம். டக்கார் பாலைவனப் பந்தயத்தில் 2001-லிருந்து 2007 வரை தொடர்ந்து ஏழு முறை ஜெயித்தது அந்த மோனோகாக் வண்டிதானே? அப்படியானால் தனிச் சட்டத்துக்குத் திரும்புவது ஏன் பலம் என்று விளம்பரம் செய்யப்போகிறார்கள்?

எஸ்எஃப்எக்ஸ்_பழனி:
மொத்தம் 12 வெற்றி, கடைசி ஏழும் வரிசையாக. 2001-ல் ஜெயித்தவர் யூட்டா க்ளைன்ஷ்மிட், டக்காரில் ஒட்டுமொத்த வெற்றி பெற்ற முதல் பெண். ஆனால் அந்தப் பந்தய வண்டிகளை, குறிப்பாகப் பின்னால் வந்தவற்றை, கடையில் விற்ற வண்டியோடு சேர்க்க முடியாது. முகம் பஜேரோ, உள்ளே எல்லாம் பந்தயத்துக்கென்றே கட்டியது. கடைக்கு வந்ததில் அந்த ரத்தம் கொஞ்சமாவது ஓடியது 1997-ன் பஜேரோ எவல்யூஷன் ஒன்றுதான்: குட்டை வீல்பேஸ், 3.5 லிட்டர் வி6, இரண்டு பக்கமும் புடைத்த மட்கார்டு. பந்தய விதிக்காகக் கொஞ்சம் எண்ணிக்கையில் செய்தார்கள். விளம்பரத்தில் நிச்சயம் அதை எடுத்துக் காட்டுவார்கள், புதியதற்கும் அதற்கும் ஒரு போல்ட்டு கூடப் பொதுவாக இருக்காது.

தனிச் சட்டத்துக்கு உண்மையான பலம் வேறு இடத்தில். கனமான சுமை இழுக்க, அடிபட்டால் பழுதுபார்க்க, ஒரே ஆலையில் பிக்கப்போடு சேர்த்துச் செய்ய. மோசமான வழியில் சக்கரம் மேலும் கீழும் போகும் தூரமும் ஒரே அச்சில் அதிகம் கிடைக்கும். பந்தயத்துக்கு வேண்டியது அது இல்லை, குவாரிக்கு வேண்டியது அது.

நல்லார்பார்_பெர்த்:
ஆஸ்திரேலியாவை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், ஆனால் இந்த வண்டி எவ்வளவு பெரிது என்பதை வண்டிக்குப் பின்னால் கேரவன் வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் இங்குள்ளவர்கள்தான் முடிவு செய்வார்கள். 2025 மார்ச்சில் தானியங்கி அவசர பிரேக் விதி மாறியதும் பஜேரோ ஸ்போர்ட்டுக்குக் கதவு மூடியது. அதிலிருந்து மிட்சுபிஷியிடம் கனமான கேரவன் இழுக்கிற ஏழு இருக்கை வண்டியே இல்லை. கடைசி பஜேரோ மூன்று டன் இழுத்தது. ட்ரைட்டன் மூன்றரை டன் இழுக்கிறது, எவரெஸ்டும் ப்ராடோவும் அதேதான். மூன்றரை டன் பின்னால் தொங்கும்போது வீல்பேஸ் நீளமாக இருந்தால்தான் வால் ஆடாது. அதனால் என் பந்தயம் 2,900 பக்கம். ஓமான் நண்பருக்கு வயிறு தட்டும், மன்னிக்கவும்.

தோற்றத்தில் நான் உங்கள் எல்லோருக்கும் எதிர்க்கட்சி. பெட்டி வடிவம் சலித்துவிட்டது. டிஃபெண்டர் செய்தது, ப்ராடோ செய்தது, சீனத்து டேங்க் 300 செய்கிறது, எல்லாவற்றையும் தூரத்தில் நிறுத்தினால் எது எது என்று பெயர் படித்துத்தான் சொல்ல வேண்டும். மூன்றாம் தலைமுறை பஜேரோ வந்தபோது உருண்டையாக, இடுப்பு புடைத்து, யாரையும் போல இல்லாமல் வந்தது. பாதிப் பேர் திட்டினார்கள், ஆனால் இருட்டில் பின்விளக்கைப் பார்த்தே பஜேரோ என்று சொல்லலாம். அந்தத் தைரியம் இப்போது அவர்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை. ட்ரைட்டனின் முகத்தை எடுத்து, மேலே சதுரக் கூரை வைத்து, பின்பக்கக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சி தூணைத் தடிமனாக்கி அனுப்புவார்கள் என்று நினைக்கிறேன். அசிங்கமாக இருக்காது, ஆனால் நின்று திரும்பிப் பார்க்க வைக்காது.

ஒன்றை மட்டும் விடக்கூடாது: சூப்பர் செலக்ட். நாலு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டே தார்ச்சாலையில் ஓட்டலாம், முன்பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் இருக்கிறது. கொஞ்ச தூரம் சரளை, கொஞ்ச தூரம் தார், மறுபடி சரளை என்று மாறும் எங்கள் சாலைகளில், மழை நாளில், அதன் அருமை தெரியும். ட்ரைட்டனில் இருக்கிறது என்பதால் இதிலும் வரும்.

வாதி_மஸ்கட்:
பெர்த் நண்பரே, நீங்கள் கேரவனை விட்டுவிட்டு ஒருமுறை வஹிபா மணலுக்கு வாருங்கள், 2,900-ஐ வைத்துக்கொண்டு. கயிறு நான் கொண்டுவருகிறேன்.

மணல்மேடு:
இந்தியாவுக்கு வருமா என்பதையும் கேட்டுவிடுகிறேன். மிட்சுபிஷி இங்கே டிவிஎஸ்ஸோடு கைகோத்துவிட்டது என்று 2024-ல் செய்தி வந்ததே, அதை வைத்துப் பலர் நம்பிக்கையாக இருக்கிறார்கள்.

கியர்நாப்:
அந்தச் செய்தியில் வந்த மிட்சுபிஷி வேறு. டிவிஎஸ் மொபிலிட்டியின் வாகன விற்பனைத் தொழிலில் பங்கு வாங்கியது மிட்சுபிஷி கார்ப்பரேஷன், அது பெரிய வர்த்தக நிறுவனம், எரிவாயு முதல் உணவு வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. வண்டி செய்யும் மிட்சுபிஷி மோட்டார்ஸில் அதற்குப் பங்கு உண்டு, ஆனால் ஷோரூம் தொழிலில் பணம் போட்டதால் பஜேரோ வரும் என்று அர்த்தம் இல்லை. அவர்கள் விற்பது மற்ற நிறுவனங்களின் வண்டிகளை. பழைய திருவள்ளூர் ஆலையிலும் இப்போது சித்ரோயன் ஓடுகிறது.

வெளியிலிருந்து முழு வண்டியாக இறக்கினால் வரியோடு அது போகும் விலைக்கு ஃபார்ச்சூனர் வாங்கி மீதிப் பணத்தில் இன்னொரு காரும் வாங்கலாம். பாகமாகக் கொண்டுவந்து பூட்ட ஆலையும் இல்லை, டீலர் வலையும் இல்லை. என்னைக் கேட்டால் இங்கே வாய்ப்பு மிகக் குறைவு.

பெர்த் நண்பரின் 2,900-க்கு நான் இன்னும் இணங்கவில்லை. எவரெஸ்ட் அந்த அளவுக்குப் போனதற்கு ரேஞ்சரின் வீல்பேஸே 3,270 என்பதும் ஒரு காரணம். ட்ரைட்டனிலிருந்து 2,900 வேண்டுமென்றால் 230தான் வெட்ட வேண்டும். செய்யலாம், ஆனால் அப்போது மொத்த நீளம் ஐந்து மீட்டரைத் தொடும், ஜப்பானிலும் விற்க நினைத்தால் அது அங்கே பலருக்கு வீட்டு வாசலில் நிற்காத வண்டி. ட்ரைட்டனை 2024-ல் ஜப்பானில் இறக்கியிருப்பதால் பஜேரோவையும் அங்கே கொண்டுபோகாமல் விடமாட்டார்கள். வீல்பேஸ் 2,860, நீளம் 4,900, அகலம் 1,930. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதிகாரப்பூர்வ எண் வந்ததும் இங்கேயே வந்து திட்டலாம்.

நல்லார்பார்_பெர்த்:
எழுதியாகிவிட்டது. தோற்றால் சூப்பர் செலக்ட் லிவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் போடுகிறேன். லிவர் எங்கே, இப்போது எல்லாம் திருகும் குமிழ்தானே.